ஒரு கட்டம் பெட்ரோல்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பெயர் குச்சிக்காரர். பழைய வேனின் டீசல் முள் என்றைக்குமே உண்மை சொன்னதில்லை. அதனால் ஒரு மூங்கில் குச்சியை டேங்குக்குள் விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். யாராவது சிரித்தால், "முள்ளு பொய் சொல்லும், குச்சி சொல்லாது" என்பார். மனிதர்களையும் அவர் முள் கணக்கில்தான் வைத்திருந்தார். பெற்ற தாய் பால் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் குடித்திருப்பார் என்று அவர் மனைவியே சொல்லுவாள்.

சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்து வைத்திருக்கும் ரத்தக் குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் வாங்கிவந்து கூடத்தில் சேர்ப்பது வேலை. காலையில் அவர், மதியத்துக்குமேல் அவர் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பதினோரு வருடமாக ஒரே வேனை இருவரும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள்.

வேன் ஒரேயடியாகப் படுத்துவிட்டதும், கூடத்து டாக்டரம்மா புதுமாதிரி கார் ஒன்றை வாங்கினார். அதைக் கொண்டுவந்த விற்பனைக்காரன் வாய் ஓயாமல் விளக்கினான்.

"கரண்ட்லதான் ஓடும் சார். பேட்டரி இறங்கிட்டா, உள்ள இருக்கிற சின்ன பெட்ரோல் எஞ்சின் ஓடி கரண்ட் உண்டாக்கும். எஞ்சின் சக்கரத்தைத் தொடவே தொடாது. நடுவழியில நிக்கிற பேச்சே இல்ல. இனிமே எல்லாம் இதுதான்."

"பேட்டரி நல்லா இருந்தா எஞ்சின் எதுக்கு? எஞ்சின் நல்லா இருந்தா பேட்டரி எதுக்கு?" என்றார் குச்சிக்காரர். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்."

"ஊருக்குள்ள ஓட்டினா பெட்ரோலே செலவாகாது சார்."

யாரையும் நம்பாத மனிதர், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பித் தொலைத்தார். அவன் கொடுத்த கையேட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. விற்கிறவன் அச்சடித்தது விளம்பரமில்லாமல் வேறு என்னவாக இருக்கும்?

கார் சொன்னபடிதான் ஓடியது. முதல் வாரம் ஒருமுறை வெளியூர் போனபோது பேட்டரி இறங்கியது; எஞ்சின் முனகிக்கொண்டே வீடு கொண்டுவந்து சேர்த்தது. டேங்கை மறுபடி நிரப்பினார். அதன்பிறகு ஊருக்குள்ளேயே ஓட்டம். மதியம் கூடத்து முற்றத்தில் சார்ஜ். டேங்கின் வாயில் இருந்த தடுப்பு, குச்சியை உள்ளே விடவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை. வேறு வழியில்லாமல் திரையில் பெட்ரோல் அளவைக் காட்டும் எட்டுக் கட்டங்களைத் தினமும் எண்ணினார். இரண்டு மாதம் எட்டும் அப்படியே இருந்தன. ஒரு காலை ஏழுதான் இருந்தன.

மதியம் மச்சான் வந்ததும், வாட்ச்மேன் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"நேத்து ஒரு கட்டம் பெட்ரோல் எங்க போச்சு?"

"அதைச் சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா. கிளினிக் வாசல்ல நிக்கிறப்ப எஞ்சின் தானா ஓட ஆரம்பிச்சிருச்சு. பேட்டரி முக்கால்வாசி இருந்துச்சு. என்ன செஞ்சும் நிக்கல."

"என் காதுல பூ சுத்தாத. திருடுறவன் ஒழுங்கா ஒரு பொய்யாவது சொல்லக் கத்துக்கணும்."

வாட்ச்மேன் சிரித்தான். மச்சான் சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தான். மறுநாளும் வரவில்லை.

"ஒரு கட்டம் பெட்ரோலுக்கு என் தம்பி திருடனா?" என்று கேட்ட மனைவி, அதோடு பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு மேசைக்கு வரும், அவள் வரமாட்டாள். வீடு கசந்தது. ஆனாலும் இரண்டு ஷிப்டையும் தானே ஓட்டிக்கொண்டு, தினமும் கட்டங்களை எண்ணினார். ஏழு ஏழாகவே இருந்தன. அவன் போனதும் பெட்ரோல் குறைவது நின்றுவிட்டது பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் ஒரு அற்ப சந்தோஷமும் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு கிளினிக் வாசலில் குளிர்ப்பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, நின்ற கார் உறுமியது. பேட்டரி நிறைய இருந்தது. ஓடிப்போய் எதையெதையோ அமுக்கினார். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது. கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது கட்டம் ஆறு.

டாக்டரம்மா தற்செயலாகத் திரையைப் பார்த்துவிட்டார். "ஊருக்குள்ளதானே ஓட்டுறீங்க? பெட்ரோல் ஏன் குறையுது?"

"எஞ்சின் தானா ஓட ஆரம்பிச்சிருச்சும்மா. என்ன செஞ்சும் நிக்கல."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார். வாட்ச்மேன் அதே சிரிப்பைச் சிரித்தான்.

டாக்டரம்மா கையேட்டை எடுக்கச் சொன்னார். குச்சிக்காரர் அப்போதுதான் அதன் உறையைப் பிரித்தார். நூற்றுப் பதினாலாம் பக்கத்தில் இருந்தது: பெட்ரோல் அதிக நாள் தேங்கினால் கெட்டுவிடும், எஞ்சினும் அசையாமல் கிடக்கக்கூடாது, ஆகவே இரண்டு மாதம் ஓடாவிட்டால், எஞ்சின் தானாகவே இயங்கிப் பழைய பெட்ரோலில் கொஞ்சம் எரித்துத் தீர்க்கும்.

அன்று மாலையே கையேட்டோடு மச்சான் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவனிடம் அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். அவன் நின்றபடியே படித்தான்.

"என் தப்புதான் மச்சான். வேலைக்கு வந்துரு. புத்தகத்துலயே போட்டிருக்கு, நீ சொன்னது நிஜம்தான்."

மச்சான் கையேட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தான்.

"நாலு மாசமா ஓடுற காரோட புத்தகத்தை நம்புறீங்க மாமா. பதினோரு வருஷம் நான் உங்ககூட ஓட்டியிருக்கேன்."