அழுமூஞ்சி அலறாத நாள்

என் அண்ணிக்கு இந்த ஊரில் தெரியாத கட்டடமே கிடையாது. ஆனால் ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. தீயணைப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, நானூறு கட்டடங்களின் புகை உணரிகளையும் கேமராக்களையும் கவனிப்பது அவர் வேலை. நான் அங்கே வண்டி ஓட்டுகிறேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வது போதாதென்று, ரேடியோவிலும் அவர் குரல்தான்.

உணரிகளுக்கு எண் உண்டு. அண்ணிக்கு எண்ணெல்லாம் சரிப்படாது, பட்டப்பெயர் வைத்துவிடுவார். ஒன்று பயந்தாங்கொள்ளி, ஒன்று தூங்குமூஞ்சி. சலவைக்கடையில் இருப்பது அழுமூஞ்சி. தினமும் பதினோரு மணிக்கு நீராவி இஸ்திரி தொடங்கியதும் அலறும். அண்ணி உடனே கடைக்காரருக்கு ஃபோன் போடுவார்.

"என்னண்ணே, நீராவிதானே?"

"அதேதான் தங்கச்சி. தினமும் உனக்குத் தொந்தரவு."

இரண்டு வருடமாக நடக்கும் கூத்து இது.

இதற்கிடையில் அண்ணி இரண்டு முறை வண்டியை வீணாக அனுப்பியிருந்தார். ஒருமுறை யாரோ வெந்நீரில் சாவகாசமாகக் குளித்ததற்கு நாங்கள் ஏழு பேர் தலைக்கவசத்தோடு போய் நின்றோம். மூன்றாவது முறை நடந்தால் கோப்பறைக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரி எழுத்திலேயே கொடுத்துவிட்டார். திரைகள் இல்லாத அறையில் அண்ணியை நினைக்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அன்று பதினொன்றே கால் ஆயிற்று. அழுமூஞ்சி வாயே திறக்கவில்லை. திரையில் பச்சை விளக்கு. கேமராவில் கடை வாசலும் மூடிய கதவும் சுத்தமாகத் தெரிந்தன. அண்ணி ஃபோன் போட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தம்பி, வண்டிய எடுங்க."

"அலாரம் வரலைன்னு யாராவது வண்டி அனுப்புவாங்களா அண்ணி? அதிகாரி சும்மா விடமாட்டாரு."

"அத நான் பாத்துக்கறேன். நீங்க எடுங்க."

எடுத்தேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. உள்ளே துணி உலர்த்தும் இயந்திரத்தின் மோட்டார் கருகிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதன் பக்கத்தில் மயங்கிக் கிடந்தார். கூரையில் அழுமூஞ்சியின் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு, நூலால் அழகாகக் கட்டியிருந்தார் மனிதர்.

வெளியே தூக்கி வந்து ஆக்சிஜன் வைத்தோம். கண் திறந்ததும் என் ரேடியோவைக் கைகாட்டிக் கேட்டார். கொடுத்தேன்.

"தங்கச்சி... உனக்குத் தினமும் தொந்தரவுன்னுதான் கட்டி வச்சேன். இன்னைக்கும் தொந்தரவாயிடுச்சு."

எல்லா வண்டிகளும் அதிகாரியும் கேட்டுக்கொண்டிருந்த அந்த ரேடியோவில், அண்ணி அழுதுகொண்டே திட்டினார்.

"தொந்தரவு பண்ணுங்கண்ணே! தினமும் பண்ணுங்க!"