செய்தியை மறைத்து ஓட்டிய வண்டி

என் மனைவியின் அண்ணன் யாழ்ப்பாணத்தில் இறந்த செய்தியை நான் இரண்டு நாட்கள் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நான் சிங்கம் பார்க்க ஆசைப்பட்டதுதான் காரணம். அதைவிட கௌரவமான காரணம் ஏதும் இருக்கிறதா என்று பிறகு நெடுநாள் யோசித்துப் பார்த்தேன். இல்லை.

ஊரில் நான் கணிதம் படிப்பித்தவன். டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற கோடையில் ஒரு ஓட்டோகேம்பரை வாடகைக்கு எடுத்தேன். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் வீட்டுவண்டி அது. அதை நாங்களே ஓட்டிக்கொண்டு விலங்குப் பூங்காவுக்குள் சிங்கங்களுக்கு நடுவால் போவது, இரவு முகாமில் தங்குவது என்று திட்டம். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். கோயில், கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு தவிர வேறெதற்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியே போனதில்லை.

வழியில் டீசல் அடிக்க நிறுத்தினேன். மனைவி வண்டிக்குள் கோப்பைகள் உருளாமல் துணி வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. அவளுடைய அண்ணனின் மகன், எங்களுக்கு மருமகன்.

“மாமா, அப்பா விடியப்புறம் மோசம் போயிட்டார். மாமிக்கு நேரை சொல்லப் பயமாக் கிடக்கு. நீங்கள் பக்குவமாய்ச் சொல்லுங்கோ.”

“ஓம், நான் சொல்லுறன்.”

“நாளைக்கு மத்தியானம் பிரேதம் எடுக்கிறம். வீடியோவிலை காட்டுவம். மாமியை முகத்தைப் பாக்கச் சொல்லுங்கோ.”

எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம். பிறந்த வீட்டுச் சாவைப் பெண்ணிடம் நேரே சொல்லமாட்டார்கள். புருஷனிடம் சொல்வார்கள். அவன் ‘சுகமில்லையாம், வருத்தம் கொஞ்சம் கடுமையாம்’ என்று தொடங்கி மெல்ல மெல்ல அவளை அங்கே கொண்டுபோக வேண்டும். என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே யாராவது இறந்தால் பிள்ளைகளுக்குப் போன் எடுத்துச் சொல்பவள் அவள்தான். அவளுக்கு எந்தப் பக்குவமும் தேவையில்லை. அந்த வழக்கம் எனக்குத்தான் வசதியாக இருந்தது.

அந்த அண்ணன், தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவர். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

சார்ஜ் போடுகிறேன் என்று அவளுடைய போனை வாங்கி, யாரும் அழைக்க முடியாதபடி ஃபிளைட் மோடில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு வண்டியை எடுத்தேன்.

பூங்காவில் கார்கள் வரிசையாக ஊர்ந்தன. கண்ணாடி இறக்கக்கூடாது, கதவு திறக்கக்கூடாது. சிங்கங்கள் மர மேடையில் படுத்திருந்தன.

“எழும்புதில்லையே. ஞாயிற்றுக்கிழமையிலை உங்களைப் போல,” என்றாள்.

“நான் எழும்பித் தேத்தண்ணி போடுறனான்.”

“ஓம், போட்டிட்டுத் திரும்பப் படுக்கிறனீங்கள்.”

நான் சிரித்தேன். நடிப்பில்லை. உண்மையில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. செய்தி எங்கோ இருந்தது. நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

அவள் போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள். “இஞ்சை பாருங்கோ, சிங்கம்! இவர் பயந்து பயந்து ஓட்டுறார், பாருங்கோ!” எடுத்ததை அண்ணனுக்கு அனுப்பிப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, போகுதில்லை.”

“பொறும். இஞ்சை சிக்னல் இல்லை. வீட்டை போய்ப் பாப்பம்.”

மறுநாள் அங்கே மத்தியானம், எங்களுக்குக் காலை. முகாமில் மரத்தடியில் நின்றிருந்தேன். ‘மாமி ஏன் வரேல்லை?’ என்று மருமகன் எழுதினான். ‘அவ தாங்கமாட்டா’ என்று பதில் போட்டேன். அதன்பின் மனைவி, வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழிக்கறியைச் சூடாக்கினாள். சாவீட்டுக்காரர் மச்ச மாமிசம் தொடாத நாட்கள் அவை. அவள் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் சொன்னேன். பக்குவம் எதுவும் செய்யவில்லை.

“எப்ப?”

“முந்தநாள் விடிய.”

“எடுத்தாச்சோ?”

“ஓம்.”

அவள் போய்த் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு வந்தாள். போனை எடுத்து நான் செய்திருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். அந்த நொடியில், காத்துக்கொண்டிருந்த சிங்க வீடியோ தானாகப் போய்விட்டது. அண்ணனின் போன் அவருடைய மருமகளின், அதாவது அந்த மகனின் மனைவியின் கையில் இருந்தது. பதில் உடனே வந்தது: ‘மாமி தாங்கமாட்டா எண்டு மாமா சொன்னார். சிங்கம் பாக்கத் தாங்கியிருக்கிறா.’

பிறகு அவர்கள் அவளுடைய அழைப்பை எடுக்கவில்லை. இங்கே டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பில் இருக்கும் அவளுடைய சொந்தக்காரரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். சகோதரன் செத்தது தெரிந்தும் ஊர் சுற்றிய பெண் என்று அவளுக்குப் பெயர் வந்தது.

“உண்மையை ஏன் சொல்லேல்லை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது நீங்கள் சொல்லவேண்டியது,” என்றாள். “உங்களுக்காக நான் ஏன் சொல்லோணும்?”

நான் சொல்லவில்லை. மாதங்கள் போயின. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். மருந்து முடிந்துவிட்டதா என்று கேட்டாள். நானும் எப்போதும் போலவே இருந்தேன்.

அண்ணனின் முதல் வருட ஆட்டத்திவசத்துக்கு இருவரும் யாழ்ப்பாணம் போனோம். “வாங்கோ” என்றார்கள். நாற்காலி தந்தார்கள். அவளோடு யாரும் கதைக்கவில்லை. ஐயர் போனபிறகு, இலை போடுமுன், எல்லாரும் இருந்த கூடத்தில் எழுந்து நின்று சொன்னேன். அவளுக்குத் தெரியாது, நான் மறைத்தேன், தாங்கமாட்டாள் என்று எழுதியதும் பொய் என்றேன். என் குரல், வகுப்பில் கணக்குச் சொல்வது போல இருந்தது.

மருமகன் என்னைப் பார்த்தான். “மாமா, நான் உங்களுக்குத்தானே எடுத்தனான்.”

“ஓம்.”

“சொல்லுறன் எண்டுதானே சொன்னனீங்கள்.”

“ஓம்.”

அதற்குமேல் அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் மனைவியிடம் போய்க் குந்தினான். “மாமி, அண்டைக்கு அப்பாவை எடுத்த வீடியோ பதிஞ்சு கிடக்கு. பாக்கப்போறீங்களோ?”

அவர்கள் அவளை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தப்பட்டது. அவள் அழுத சத்தம் வெளியே கேட்டது. அந்த ஒரு வருடத்தில் நான் கேட்டிராத சத்தம் அது. யாரோ என் முன்னால் இலை போட்டுச் சோறு வைத்தார்கள். சாப்பிட்டேன். அவள் வெளியே வந்து மருமகளின் பக்கத்தில் இருந்தாள். மருமகள் அவளுடைய இலையில் பாயாசம் ஊற்றி, “குடியுங்கோ மாமி” என்றாள்.

அவள் பயணத்தைப் பிற்போட்டு அங்கேயே நின்றாள். நான் தனியே திரும்பினேன். இரண்டு மாதம் கழிந்துதான் வந்தாள். விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அண்ணனின் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தாள்.

இப்போது ஓய்வு நாட்களில் அவர்களோடு நெடுநேரம் போனில் கதைக்கிறாள், சிரிக்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால் குரலைத் தணிப்பதில்லை. என்னை அழைத்துக் கதைக்கச் சொல்வதுமில்லை. என்னை மன்னித்தாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவாள்.