காட்டாத கொப்பி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், நீதிமன்றத்தில் நடந்ததை எழுதத் துணிவதற்கு முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். எழுத நினைப்பது ஒரு கிளினிக் கொப்பியைப் பற்றி மட்டுமே. நீல மட்டை, மூலையில் கடல்தண்ணீர் பட்ட கறை. அண்ணைக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியின் தேதியை டொக்டர் அதில்தான் எழுதுவார். ஊசி போட்ட மாதங்களில் அண்ணை எங்கள் தீவான வேலணையில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தார், பகிடி விட்டார். தவறினால், தன்னைக் கொல்ல வேலிக்கு அப்பால் ஆட்கள் கதைப்பது கேட்கிறது என்பார்.

எண்பத்துநாலில், கிளினிக்குக்குப் போகும் பட்டணத்துப் பாதையில் ஆமிச் சோதனைகள் கூடிய நாட்களில், இரண்டு ஊசிகள் தவறின. அண்ணை அயல்வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குத் தீ வைத்தார். கன்றொன்று கருகிச் செத்தது. பொலிஸ் அவரைக் கொண்டுபோனது.

அப்போது எனக்குக் கலியாணம் பேசி முடியும் தறுவாய். வழக்கன்று அம்மா வாசலில் மறித்தார்.

"குடிவெறியிலை செய்தவன் எண்டு சொல்லு. வெறிக்குட்டி எல்லா வீட்டிலையும் இருக்கு. விசர் எண்டால் உன்னை ஆர் எடுப்பினம்?"

அண்ணையோ கள்ளு மணத்துக்கே மூக்கைப் பொத்துபவர். நான் கொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன்.

என்னைக் கண்டதும் அண்ணை சிரித்தார். "ஐயா, எனக்கு ஊசி பிந்திப்போச்சு. கொப்பி தங்கச்சியிட்டை இருக்கு, பாருங்கோ."

"இன்னும் வெறி முறியேல்லை," என்றது பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. நோயாளியென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று சொல்லி, என்னிடம் நேரே கேட்டார்: "கொப்பி இருக்கிறதா?"

"இல்லை ஐயா. அவர் குடிக்கிறவர்."

அண்ணை கோபப்படவில்லை. "வீட்டை வைச்சிட்டு வந்திட்டாள் போலை," என்று பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரைச் சமாதானப்படுத்தினார்.

நீதவான் அவரை மறியல் சிறைக்கு அனுப்பினார். அங்கே ஊசி இல்லை. குழப்படிக்காரன் என்று தனியே அடைத்தார்கள். பார்க்கப் போனபோது மணிக்கட்டுகளில் விலங்குத் தழும்பு. "கொப்பி கொண்டு வந்தனியோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அப்போதும் கொண்டுபோகவில்லை, எனக்குத் தாலி ஏறி இரண்டு மாதமாகியிருந்தது. நான்காம் மாதம், சாப்பாட்டை மறுத்தே செத்துப்போனார். வழக்கு முடியவேயில்லை. தீ வைத்தது அவர்தான், அதை அவரே மறுக்கவில்லை. அன்று நீதிமன்றத்தில் அவருடைய நோய்க்கு இருந்த ஒரே சாட்சி நான்.

பிறகு சண்டைக்குப் பயந்து தீவை விட்டு ஓடியபோது நகையை மறந்தேன், கொப்பியை எடுத்து வந்தேன். கடைசித் தேதிக்குக் கீழே வரிகள் வெறுமையாகவே கிடக்கின்றன. நீதிமன்றத்திலிருந்து வந்த அன்று பின்னேரம்தான் அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் முதன்முதலாக ஒளித்தேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் புங்குடுதீவிலிருந்து வந்து, சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.