லேவியராகமம் இருபத்தெட்டு

பிப்ரவரி 9, திங்கட்கிழமை, காலை 5.40. மலேசியாவின் மாசாயில் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நின்ற பிரேமலா, தான் நடத்தும் பைபிள் வாசிப்பு வாட்ஸ்அப் குழுவில் அன்றைய பகுதியைத் தட்டிவிட்டார்: லேவியராகமம் 28, 29, 30. நேற்று 25, 26, 27. இன்று அடுத்த மூன்று. படித்து முடித்தவர்கள் கட்டைவிரல் போட வேண்டும் என்பது குழுவின் விதி. முதல் கட்டைவிரல் அவருடையது.

பிரேமலா பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். பார்க்காமல் 'சரி' போடுகிறவர்களைப் பிடிப்பதில் இருபத்தாறு வருட அனுபவம். போன மாதம்கூட யுகேந்திரன் என்ற ஆப்பரேட்டர், பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருந்த ஆறாம் நம்பர் மிஷினுக்கும் வெப்பநிலை சரி என்று டிக் அடித்து மாட்டிக்கொண்டான். "இல்லாத மிஷினுக்கு எப்படிப்பா சூடு பாத்த?" என்று கேட்டு, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவர் பிரேமலாதான்.

வரும் ஞாயிறு சபையில் இந்தக் குழுவைப் பற்றி அவர் சாட்சி சொல்வதாக ஏற்பாடு. ஆதியாகமத்தில் தொடங்கி நாற்பது நாள், ஒருவரும் ஒரு நாளும் தவறவில்லை. போதகரே பாராட்டியிருந்தார். லேவியராகமத்தின் பலிகள் தொடங்கிய நாளிலிருந்து தான் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பதை மட்டும் பிரேமலா யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு மணிக்குள் நாற்பத்தொரு கட்டைவிரல்கள். "29ஆம் அதிகாரம் ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு சிஸ்டர்" என்று சுகுமாறன் எழுதியிருந்தார்.

விரல் காட்டாதவர் ஒருவர்தான். தொழிற்சாலை பஸ்ஸின் டிரைவர் காளிதாஸ். பஸ் கண்ணாடியில் முருகன் படம், நெற்றியில் பட்டையாகத் திருநீறு. பிரேமலா கைதவறிக் குழுவில் சேர்த்துவிட்ட ஆள் அவர்.

மாலையில் பிரேமலா பஸ் ஏறியதும் காளிதாஸ் கேட்டார். "அக்கா, என் புக்குல பக்கம் கிழிஞ்சிருக்கு போல. இருபத்தேழோட நிக்குது. அப்புறம் எண்ணாகமம்னு வருது."

"எந்த புக்கு?"

"பைபிள்தான் கா. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பழசு ஒண்ணு கிடைச்சிச்சு."

"நீங்க படிக்கிறீங்களா?"

"குழுவுல சேத்துட்டீங்க, படிக்காம விரல் காட்டுனா நல்லாவா இருக்கும்? ஃபேக்டரி கேட் பக்கத்துல காத்துக் கெடக்குற நேரத்துல படிக்கிறதுதான். ஆடு, மாடு, புறா... அலமாக், எங்க குலசாமி பூசைக்குக்கூட இவ்ளோ ரூல்ஸ் இல்ல லா."

பிரேமலா போனில் தேடிப் பார்த்தார். லேவியராகமத்துக்கு இருபத்தேழு அதிகாரங்கள்தான்.

காலையில் போட்ட செய்தியை அழித்துவிடலாம். எல்லாரும் கட்டைவிரல் போட்டிருப்பதால் யாரும் கேட்கப்போவதில்லை. பஸ் வீடு போய்ச் சேரும்வரை அழிக்கும் பொத்தான்மேலேயே அவர் விரல் இருந்தது. இல்லாத மிஷினுக்கு எப்படிப்பா சூடு பாத்த?

"கிழியல காளி," என்றார் இறங்கும்போது. "உங்க புக்கு சரியாத்தான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை சாட்சி இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இல்லாத மூன்று அதிகாரங்களை நாற்பத்தொரு பேர் படித்து முடித்த கதையைச் சொல்லி, முதல் ஆள் தான்தான் என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஏழாவது கட்டைவிரல் போதகருடையது.

அன்று மாலைக்குள் இருபத்து மூன்று பேர் குழுவிலிருந்து விலகினார்கள். மீதிப் பேர் நாளைக் காலை லேவியராகமம் ஒன்றாம் அதிகாரத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். காளிதாஸ் மட்டும் எண்ணாகமம் 22.