மேல்கணித வகுப்பில் எட்டாவது பெயர்

இங்கிலாந்தில் லங்காஷயர் மேட்டுநிலத்தை ஒட்டிய எங்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷமாகப் பாடப் பத்திகளைப் போட்டவர் ஹேசல் ஆர்மரோடு. இங்கே பதினாறு வயதுப் பிள்ளைகள் பள்ளியின் கடைசி இரண்டு வருஷத்துக்கு மூன்றே பாடங்கள் எடுப்பார்கள். கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்கள் நான்கு எடுப்பார்கள். எல்லாப் பாடங்களையும் நான்கு பத்திகளில் அடுக்குவது ஹேசலின் வேலை. ஒரே பத்தியில் விழுந்த இரண்டு பாடங்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். நான் கணக்கு வாத்தியார் என்பதால் சண்டை போடவே அவர் அறைக்கு வாரம் இரண்டு தடவை போவேன்.

அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கம்ப்யூட்டர் பட்டம் படிக்கப் போவதாகச் சொல்லும் பிள்ளை கணக்கை விட்டுவிட்டால் ஹேசலுக்குச் சோறு இறங்காது. மதியம் சாப்பாடு வாங்கும் வரிசையில் போய்ப் பிடித்துக்கொள்வார்.

"கணக்கு எங்க கண்ணு?"

"கம்ப்யூட்டர் பாடம் போட்டிருக்கேனே மிஸ். அதுக்குத்தான அது?"

"அது இல்லாமக்கூட யுனிவர்சிட்டில உள்ள விட்டுடுவான். கணக்கு இல்லன்னா வாசல்லயே நிறுத்திடுவான். சாப்பாட்ட அப்புறம் தின்னலாம், போய்ப் பேனா எடுத்துட்டு வா."

நாங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரிப்போம். எனக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார் என்று கேலி செய்வார்கள். கிறுக்குக்குக் காரணம் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

போன ஜனவரியில் இமோஜன் கிளெக் என்ற பெண் கம்ப்யூட்டர் படிக்க ஒரு பல்கலைக்கழகத்தைக் குறி வைத்திருந்தாள். அவர்கள் கணிதம் மட்டும் போதாது, தனிப் பாடமாக இருக்கும் மேல்கணிதமும் வேண்டும் என்று எழுதியே போட்டிருந்தார்கள். எங்கள் துணைத் தலைமையாசிரியர் டக்டேலுக்கோ ஒரு சட்டம் உண்டு. எட்டுப் பேர் சேராத வகுப்பு நடக்காது. அழுதாலும் நடக்காது. மேல்கணிதத்துக்கு ஏழு பேர்தான் தேறினார்கள். இமோஜன் தினமும் காலையில் என் கதவருகே வந்து, "எட்டு ஆச்சா சார்?" என்று கேட்பாள்.

பட்டியல் முடிகிற வெள்ளிக்கிழமை, கொட்டுகிற மழையில் ஹேசலின் அறைக்கு ஓடினேன். அவர் மேஜையில் அச்சடித்த தாள் கிடந்தது. மேல்கணிதத்தின் கீழ் எட்டுப் பெயர்கள். எட்டாவது கிம்பர்லி ஹாவர்த். கணிதம், மேல்கணிதம், இயற்பியல்.

"யாரு ஹேசல் இது? புதுசா வந்த பொண்ணா?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "இதை நீயா போட்ட?" என்றார்.

"நான் ஏன் போடறேன்? வகுப்பு நடக்கணும்னு நீங்கதான் போட்டிருப்பீங்கன்னு பாத்தேன்."

"பதிமூணு வருஷமா இந்தப் பேரு வருது. ஜனவரி ஆனா வந்துரும். யாரும் பாக்கறதுக்குள்ள அழிச்சிடுவேன். இன்னைக்குத்தான் நீ முந்திக்கிட்ட."

நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் கீழ் இழுப்பறையைத் திறந்து பழைய படிவம் ஒன்றை எடுத்தார். விண்ணப்பங்களைத் தாளில் வாங்கிய காலத்தது. பென்சிலில் குண்டு குண்டான எழுத்து: கிம்பர்லி ஹாவர்த். கணிதம் என்று எழுதியிருந்ததை யாரோ நீலப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கம்ப்யூட்டர் என்று எழுதியிருந்தார்கள். அந்த நீல எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் கால அட்டவணையெல்லாம் அந்த எழுத்தில்தான் வரும்.

"அந்த வருஷம் ரெண்டும் ஒரே பத்தியில விழுந்துருச்சு," என்றார் ஹேசல். "என்ன மிஸ் பண்றதுன்னு கேட்டா. கம்ப்யூட்டர் படிக்கப் போறவ கம்ப்யூட்டர் எடுடீ, இதுல என்ன யோசனைன்னு நானே அடிச்சேன். எனக்கு என்ன தெரியும்? யாருமே சொல்லல. அஞ்சு யுனிவர்சிட்டில கேட்டா. அஞ்சுலயும் கணக்கு இல்லன்னு தள்ளிட்டாங்க."

"அப்புறம்?"

"சாயங்காலக் கல்லூரில கணக்கு படிக்கிறேன்னு கிளம்பினா. நவம்பர் மாசம், மேட்டு ரோட்டுல பனி. பஸ்சுக்கு நின்னவள கார்க்காரன் பாக்கல. பையில கணக்குப் புஸ்தகம் இருந்துச்சு."

அவர் திரையில் அந்தப் பெயரைத் தேர்ந்து, அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தார்.

"அழிச்சா ஏழு," என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "கணக்கு வகுப்புலருந்து ஒரு தடவ அவள எடுத்துட்டேன். இன்னொரு தடவ முடியாதுப்பா."

பட்டியல் அப்படியே டக்டேலிடம் போனது. என் வேலைக்கே உலை வைத்துக்கொண்டேன் என்று கோடை முழுவதும் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. ஏழு பேர். வருகைப் பதிவில் எட்டாவது பெயரை நான் வாய்விட்டுப் படிக்கவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. ஆனாலும் ஜன்னலோர நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. இருக்கிற ஏழு பேரும் இந்தப் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது வாரம் டக்டேல் தலை எண்ண வந்தார். வருஷா வருஷம் எல்லா வகுப்பிலும் எண்ணுவார். காகிதத்தில் எட்டு, கண்ணுக்கு ஏழு என்றால் அன்றே வகுப்பை மூடிவிடுவார். நடைவழியில் அவர் செருமுவது கேட்டது. அப்போது இமோஜன், ஜன்னலோர நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"எதுக்கு எடுத்த?"

"தெரியல சார். எடுக்கணும்னு தோணிச்சு."

டக்டேல் வாசலில் நின்று பேனாவை ஆட்டி ஆட்டி எண்ணினார். இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலையாக, பேனா ஜன்னல் வரை போய் நின்றது.

"எட்டு," என்றார். "சரியா இருக்கு. அந்த ஜன்னலோரப் பொண்ண பென்சில்ல எழுத வேணாம்னு சொல்லுங்க. பரிச்சையில ஒத்துக்க மாட்டான்."

அவர் போய்விட்டார். நான் எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். இமோஜன் மூச்சுவிட்டு, "அப்ப வகுப்பு இருக்கா சார்?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

பாடம் முடிந்து வெளியே வந்தால் ஹேசல் நடைவழிச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் தன் அறையை விட்டு அவ்வளவு தூரம் வந்து நான் பார்த்ததில்லை.

"எண்ணினாரா?"

"எட்டு."

அவர் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க ஓரடி வைத்தார், பிறகு பின்வாங்கிக்கொண்டார்.

"எங்க உக்காந்திருக்கா?"

"ஜன்னலோரம்."

"கணக்கு வகுப்புலதான?"

"ஆமா ஹேசல்," என்றேன். "கணக்கு வகுப்புலதான்."