காற்றுப் புகாத விண்கப்பல்

முத்தலிப் நானா முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது பழுதான எதையும் கொண்டுவரவில்லை. சட்டைப்பையிலிருந்து மீன் பிடிக்கிற தங்கூசி நூல் ஒன்றை எடுத்தார். மேசையில் நான் கழற்றி வைத்திருந்த ஒரு கணினியின் குறுக்கே அதைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். உயரத்துக்கு இன்னொரு முடிச்சு. அகலத்துக்கு இன்னொன்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் பத்து வருடமாகக் கணினி திருத்துகிற பெண்ணுக்கு அது இல்லாவிட்டால் பிழைக்க முடியாது.

"ஐயா, அது வேற ஆளின்ர சாமான். என்ன செய்யிறீங்கள்?"

"கோவிக்காதீங்க தங்கச்சி. உள்ளுக்க இரிக்கிறதெல்லாம் எவ்வளவு இடம் புடிக்கும் எண்டு பாத்த. பெட்டி ஒண்டு செய்யோணும்."

"பெட்டி கடையில விக்குதே."

"இது விக்காது," என்று தொலைபேசியை நீட்டினார்.

சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தைச் சாய்வாக நின்று எடுத்த படம் அது. கணினியில் வரைந்த விண்கப்பல். திருக்கை மீனைப் போலத் தட்டையான முன்பக்கம், பின்னால் இரண்டு பெரிய எந்திரங்கள், விலாவின் இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பதாகக் கறுப்புப் பிளவுகள், வயிற்றில் ஒரு நீல வெளிச்சம். வரைந்தவன் கெட்டிக்காரன். ஆணி, இணைப்பு, தகட்டில் பட்ட கீறல் எல்லாம் இருந்தன.

"ஆர் கீறினது?"

"என்ட மகன், இஹ்ஸான். அவன்ட கம்பியூட்டர் இதுக்குள்ள இருந்தா அவன் சந்தோசப்படுவான் எண்டு நினைச்ச."

"அவர் கேட்டவரோ?"

அவர் தங்கூசியை மடித்துப் பையில் வைத்தார். "அவன் என்னோட கதைச்சு ஒரு வருசமும் நாலு மாசமும் தங்கச்சி," என்றார்.

அதற்குப் பிறகு என்னால் கோபப்பட முடியவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. இருக்கச் சொல்லி ஒரு கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன்.

அவர் கிண்ணியாக்காரர். அந்தப் பக்கம் அண்ணனை நானா என்பார்கள். வயது ஐம்பத்தாறு. பைபர் போட் திருத்துவது தொழில். உடைந்த போட்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்து, கண்ணாடி நாரால் செய்த பாயை வெட்டி வைத்து, ரெசின் என்கிற பசையை ஊற்றி இறுக்குகிற வேலை. இறக்கக்கண்டியிலிருந்துகூட அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள் என்று பிறகு எங்கள் உப்புவெளி மீன்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். "முத்தலிப் கை வைச்ச இடத்தில தண்ணி வராது" என்று ஒரு காலத்தில் சொல்வார்களாம். ஒரு காலத்தில் என்பதை அந்த மீன்காரர் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

அளவு கொடுத்தேன். எது சூடாகும், எது பாரம், எந்த வயர் எங்கே போகும் என்று காட்டினேன். பிறகு, எல்லாரிடமும் பாடுகிற பாட்டை அவரிடமும் பாடினேன். இந்தக் கரையில் கணினிக்கு உப்புக் காற்றுத்தான் யமன். ஆறு மாதத்தில் உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகை பச்சை பிடித்துவிடும். நான் கழற்றுகிற பத்துப் பெட்டியில் ஏழு பெட்டி உப்பினால் செத்தவை.

"அப்ப உள்ளுக்கக் காத்துப் போகாம இருந்தா நல்லதோ?" என்று கேட்டார்.

அந்த நேரம் யாரோ தொலைபேசியில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களைத் திட்டிக்கொண்டே, "போகாட்டி நல்லதுதான் நானா," என்று தலையை ஆட்டினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி மட்டும் எழுதினால் நியாயமில்லை.

இரண்டு மாதம் அவர் அதைச் செய்தார். குசினிக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் வேலை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குப் படம் அனுப்புவார். முதலில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக்கட்டியில் செதுக்கிய உருவம். அதன் மேல் மெழுகு. அதன் மேல் பாய், ரெசின், மறுபடி பாய். பிறகு தேய்ப்பு. தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து, அந்தத் திருக்கை முகத்தில் படமெடுக்கிற அவர் முகமே தெரியும்படி ஆக்கியிருந்தார். சாம்பல் நிறம் அடித்து, இஹ்ஸான் வரைந்த கீறல்களைக்கூட அதே இடத்தில் கீறியிருந்தார். விலாவில் அந்தக் கறுப்புப் பிளவுகள் ஒன்பதும் ஒன்பதும் இருந்தன. படத்தில் பார்க்க அவ்வளவு அச்சாக இருந்தது.

ரெசின் மணத்தை வீட்டில் ஒளிக்க முடியாது. கிணற்றடிக்குப் போகும்போதும் வரும்போதும் இஹ்ஸான் அந்தக் கொட்டிலைப் பார்த்தபடி போவானாம். அவர் மனைவி உம்மு குல்சும்தான் நடுவில் நின்று இருவருக்கும் சோறு போட்டு, இருவரின் கதையையும் கடத்திக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பின்னேரம் அழைப்பு வந்தது. அவர் மதியம் வெளியே போய், அஸர் தொழுதுவிட்டுத் திரும்பும்போது, கொட்டிலில் கப்பல் இல்லையாம். மகனின் அறையில் மேசை மேல் இருந்ததாம். உள்ளே நீல வெளிச்சம் எரிந்ததாம். இஹ்ஸான் தன் கணினியைத் தானே கழற்றி அதற்குள் பூட்டியிருக்கிறான்.

"ஒண்டும் சொல்லல்ல," என்றார். "ஆனா பூட்டிட்டான் தங்கச்சி."

பெருநாள் வந்தது போல இருந்தது அவர் குரல். எனக்கும் அன்றைக்கு முழுக்கச் சந்தோசமாக இருந்தது.

அது பன்னிரண்டு நாள்தான். பதின்மூன்றாம் நாள் ஓட்டோவில், படுக்கைச் சீலையால் சுற்றி, கப்பலை என் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

"அணைஞ்சிட்டு. பத்துறல்ல. ஒரு மாதிரி எரிஞ்ச மணம்."

சீலையை விலக்கினேன். முதலில் அழகைத்தான் பார்த்தேன். பிறகு திறக்கப் பார்த்தேன். இருபத்து நாலு துருப்பிடிக்காத ஆணிகள். மூடிக்கு அடியில் சுற்றிவர இறப்பர். வயருக்காக விட்ட ஒவ்வொரு துவாரத்தையும் நானா சிலிக்கனால் அடைத்திருந்தார்; வயர் அதைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வந்தது. விலாவிலுள்ள கறுப்புப் பிளவில் விரலை வைத்தேன். விரல் வழுக்கியது. அது பிளவே அல்ல. பெயின்ட். பதினெட்டும் பெயின்ட். ஊசி போகிற இடம்கூட அந்தப் பெட்டியில் இல்லை. கடலில் போட்டால் மிதக்கும்.

எனக்கு வந்ததே கோபம். "நானா, உங்களுக்கு என்ன விசரோ? மூச்சு விடாட்டி இது சாகும். காத்து உள்ளுக்குப் போய் வெளியில வரோணும். அதுக்குத்தானே அந்தப் பெடியன் இந்த ஓட்டையெல்லாம் கீறியிருக்குது!"

"நீங்கதானே தங்கச்சி காத்துப் போகாட்டி நல்லது எண்டு…"

அந்தத் தொலைபேசிச் சண்டை நினைவுக்கு வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அவர் மேல் காட்டிய கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே விழுந்தது.

ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. இப்படி ஒரு கணினியைத் தானே பூட்டத் தெரிந்தவனுக்கு, மூடிய பெட்டிக்குள் அது வெந்துபோகும் என்று தெரியாமலிருக்குமா?

"நானா, இஹ்ஸானுக்கு இது தெரிஞ்சிருக்கும். ஏன் உங்களுக்குச் சொல்லேல்ல?"

கப்பலின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவன் என்னட்ட ஒருக்காக் கேட்டவன்," என்றார். "அதுக்குப் பொறகு ஒண்டும் கேக்கிறல்ல, சொல்றதும் இல்ல."

பிறகு சொன்னார். ஒன்றரை வருடத்துக்கு முந்திய ஐப்பசி, மாரி தொடங்கிய நேரம். இஹ்ஸானும் அவனோடு படித்த அஸ்மீரும் ஒரே போட்டில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடியில் ஒரு வெடிப்பு. முத்தலிப் நானாதான் திருத்தினார். இரண்டு நாள் விடாமல் தூறல். ஈரத்தின் மேல் பாய் வைக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம். மேலே இறுகும், உள்ளே ஒட்டாது. போட்காரர் நெருக்கினார். நானா சீலையால் துடைத்துவிட்டு வைத்தார். மறுநாள் விடிய இஹ்ஸான் அந்த ஒட்டில் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"'காஞ்சிட்டா வாப்பா?' எண்டு கேட்டான். நான் பாக்கவும் இல்ல. 'காஞ்சிட்டு, போங்க' எண்டு சொன்ன."

கொட்டியாரக் குடாவில் வைத்து ஒட்டுக் கழன்றது. இஹ்ஸான் ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு ஆறு மணித்தியாலம் கிடந்தான். அஸ்மீர் கிடைக்கவில்லை.

"எல்லாரும் அல்லாஹ்ட நாட்டம் எண்டாங்க. அந்தப் புள்ளைட உம்மாவும் அப்படித்தான் சொன்னா. நானும் அதையே சொன்ன. மகன் என்ட முகத்தப் பாத்துக்கொண்டு இருந்தான். நான் திரும்பத் திரும்ப அதையே சொன்ன."

இறைவனின் பெயரைச் சொல்லி அவர் தன் பிழையை மூடியிருந்தார். அது மகனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து எந்த வேலை செய்தாலும் இரண்டு தரம் ஒட்டி, மூன்று தரம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாராம். வீட்டுக் கூரையைக்கூட விடவில்லை. இந்தக் கப்பலையும் செய்து முடித்ததும் கிணற்றுத் தொட்டிக்குள் அமுக்கிப் பார்த்திருக்கிறார். ஒரு துளி உள்ளே போகவில்லை என்று சொல்லும்போது அவருக்குக் கண் நிறைந்தது. எனக்கும்தான்.

நல்ல வேளையாகப் பலகையும் மகனின் படங்களும் தப்பியிருந்தன. மின்சாரம் கொடுக்கிற பகுதி மட்டும் எரிந்திருந்தது. "நான் புதுசு கொண்டுவந்து போட்டுத் தாறன். நீங்கள் அந்தப் பதினெட்டையும் வெட்டி வையுங்கோ," என்றேன்.

"கப்பல்ட விலாவில என்னால ஓட்டை போட ஏலாது தங்கச்சி."

"அது தண்ணியில போற கப்பல் இல்ல நானா."

"தெரியும்," என்றார். "கைக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை புதிய பகுதியைப் பையில் வைத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் பஸ் எடுத்தேன். கொட்டிலில் கப்பல் வெறுங்கூடாக இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடந்தது. வெட்டுகிற கைக் கிரைண்டர் பக்கத்தில். ஒரு பிளவும் வெட்டப்படவில்லை. நான் வந்ததைக் கண்டு அவர் கிரைண்டரைக் கையில் எடுத்தார், விலாவுக்குக் கொண்டுபோனார், பிறகு கீழே வைத்தார். இப்படி மூன்று தரம்.

அறை வாசலில் இஹ்ஸான் நின்றான். மெலிந்த பெடியன். தகப்பனின் அதே நெற்றி. எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

முத்தலிப் நானா அவனைப் பார்த்தார். நான் அங்கே நிற்பதை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"மகன், அண்டைக்குக் காயல்ல," என்றார். "நான் பாக்காம சொன்ன. அல்லாஹ்ட நாட்டம் எண்டு நான் சொன்னது எனக்கு ஒளியிறதுக்கு. அஸ்மீர் போனது என்ட கையால."

குசினிக்குள் உம்மு குல்சும் கழுவிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. நான் பையைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். பிறகு இஹ்ஸான் படியிறங்கிக் கொட்டிலுக்குள் வந்தான். கப்பலின் அந்தப் பக்கம் குந்தி, அது ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

நானா வெட்டினார். முதல் பிளவு கொஞ்சம் கோணல். மற்ற பதினேழும் நேர். வெள்ளைத் தூள் இருவரின் தலையிலும் படிந்தது. திருப்ப வேண்டிய நேரத்தில் மகன் திருப்பினான், அவ்வளவுதான். வெட்டிய விளிம்புகளுக்கு நானா தூரிகையால் மெல்லிதாக ரெசின் பூசினார்.

நான் தேநீர் குடித்து, ஷிஃபானா என்கிற சின்ன மகளின் பாடசாலைக் கதையெல்லாம் கேட்டு முடித்தபோது இரண்டு மணித்தியாலம் போயிருந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிட எனக்கு மனமில்லை. எழுந்து போய் ஒரு விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை. என் கண்ணுக்கு நன்றாக இறுகியிருந்தது.

"இனிப் பூட்டுவம் என்ன?" என்று பையைத் திறந்தேன்.

இஹ்ஸான் என்னைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தான்.

"காஞ்சிட்டா வாப்பா?"

முத்தலிப் நானா கப்பலின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். முதலாவது பிளவுக்குள் பெருவிரலை விட்டு உள்விளிம்பை அழுத்தினார். பிறகு இரண்டாவது. பதினெட்டையும் அப்படி அழுத்தி முடியும்வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இல்ல மகன்," என்றார். "மேலதான் இறுகியிரிக்கி. உள்ளுக்க இன்னும் காயல்ல."

"அப்ப நாளைக்குப் பூட்டுவம்," என்றான் இஹ்ஸான்.

நான் பையை மூடி, கொண்டுபோன சாமானோடு பஸ்ஸுக்கு நடந்தேன்.