இரவல் சவுண்டு கார்டு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஓசூரில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மொத்தமாக வரவில்லை. அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடு தங்கி ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியனாக வேலை பார்த்தார். லீவு நாட்களில் பெங்களூர் போய், மானிட்டர், கீபோர்டு, பெட்டி என்று ஒவ்வொன்றாக பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். எல்லாம் சேர்ந்த பிறகும் அது ஊமையாகத்தான் இருந்தது. ஒரு புதன்கிழமை, நண்பர் ஒருவரிடமிருந்து சவுண்டு கார்டு, மைக், ஹெட்போன், பாட்டுப் பதிகிற சாஃப்ட்வேர் சிடி எல்லாவற்றையும் இரவல் வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

யார் பாடுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“அண்ணி, நீங்க ஒரு பாட்டு பாடணும்.”

“எனக்கென்னா தம்பி பாட்டு தெரியும்?” என்றாள் அம்மா.

பொய். காவேரிப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவள். அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு, பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பாடிக்கொண்டே இருப்பாள். மத்தியானம் அப்பாவின் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் பாட்டு நின்றுவிடும். பாட்டு முடிகிற நேரமும் பஸ் வருகிற நேரமும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சித்தப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்டு. பகல் தூக்கத்தை விட்டுவிட்டு பெட்டியைத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமை காலை முழுவதும் அம்மா மைக் முன்னால் “ஹலோ, ஹலோ” சொன்னதுதான் மிச்சம். திரையில் கோடு அசையவில்லை. கார்டின் பின்னால் வரிசையாக இருந்த மூன்று ஓட்டைகளிலும் மைக்கை மாற்றி மாற்றிச் செருகினார். சாஃப்ட்வேரில் மைக்குக்கு எதிரே ஒரு டிக் போட வேண்டும் என்பதை வெள்ளிக்கிழமைதான் கண்டுபிடித்தார். டிக் போட்டதும் கோடு குதித்தது. ஆனால் அம்மாவின் குரலுக்கு அடியில் வண்டுக்கூட்டம் போல ஓர் இரைச்சல்.

“எர்த் சரியில்ல. குழி காஞ்சு கெடக்குது,” என்றார் சித்தப்பா.

சனிக்கிழமை காலை, வீட்டின் பின்புறம் எர்த் கம்பி இறங்கியிருந்த இடத்தில் உப்புக் கரைத்த தண்ணீரை நானும் அவரும் குடம் குடமாக ஊற்றினோம். வீட்டுக்கார அம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு. எங்களிடம் தமிழில்தான் பேசுவார்.

“ஏனப்பா, கம்பிக்குத் தண்ணி ஊத்துனா மொளைக்குமா?”

“பாட்டு மொளைக்கும்மா,” என்றார் சித்தப்பா.

இரைச்சல் அடங்கியது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்க்க வியர்க்க அம்மா பாடினாள். மூன்று தடவை பாடியதில் மூன்றாவதை சித்தப்பா வைத்துக்கொண்டார். ஹெட்போனில் தன் குரலைக் கேட்ட அம்மா, நாலு வரிக்கு மேல் தாங்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டாள். சித்தப்பா தூங்கப் போனார். அப்பா வந்து சாப்பிட்டதும் அம்மா மாவு மில்லுக்குக் கிளம்பினாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவை இழுத்துவந்து உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டார்.

“நல்லா இருக்குதே. யாரு பாடுறது?”

“என்னப்பா, தெரியலயா? அம்மாதான்.”

அப்பா ஹெட்போனைக் கழற்றவில்லை.

“எப்பப் பாடுனா?”

“இது இன்னிக்கு. நீங்க கம்பெனில இருக்கறப்ப தெனமும் பாடுவாங்களே.”

இன்னொரு தடவை போடச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு தடவை.

சாயங்காலம் சித்தப்பா எழுந்து காபி குடிக்க உட்கார்ந்ததும் நான் புகார் சொன்னேன்.

“கார்டு சரியில்ல சித்தப்பா. அப்பாவுக்கே அம்மா கொரல் அடையாளம் தெரியல.”

சித்தப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

ஞாயிறு காலை சித்தப்பா கார்டைக் கழற்றும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

“இதை எடுத்துட்டா பாட்டு போயிடுமாடா?”

“பாட்டு உள்ளயேதான் இருக்கும்ணா. கேக்க முடியாது, அவ்வளவுதான்.”

வாங்குவதாயிருந்தால் இதைவிட நல்ல கார்டாகப் பார்த்து வாங்குங்கள் என்று நான்தான் அப்பாவிடம் சொன்னேன். குறை கார்டில்தான் என்று அதற்குப் பிறகும் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.